தொக்கம் என்று நினைத்தோம், குடல் முறுக்கியிருந்தது

தறிக்காரன், குடியாத்தம் | ஞாயிறு, இரவு 9.50

வணக்கம். இதுவரை இங்கே படித்துவிட்டுப் போகிறவனாகத்தான் இருந்தேன். இப்போது கேட்க வேண்டியது இருக்கிறது. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம், எடை 2.9 கிலோ. அன்றைக்கே கருப்பு மலம் போனான், பாலும் நன்றாகக் குடித்தான். ஒன்பது நாள் ஒரு குறையும் இல்லை. பத்தாம் நாள் காலையில் பால் குடித்ததும் வாந்தி. கைக்குழந்தை கக்குவது சகஜம்தானே என்று விட்டுவிட்டோம். மதியம் மறுபடியும் எடுத்தான். இந்தத் தடவை பால் வரவில்லை, பச்சையாக வந்தது. வெள்ளைத் துணியில் முருங்கைக்கீரையைக் கசக்கிப் பிழிந்த மாதிரி கறை.

ஆயா (எங்கள் பாட்டி) பார்த்ததுமே "பால் தொக்கம்" என்றார், குடித்த பால் வயிற்றில் சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். பக்கத்து ஊரில் தொக்கம் எடுக்கும் அம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். வயிற்றில் எண்ணெய் வைத்து நீவி, வாயால் உறிஞ்சி, வெற்றிலையில் திரிந்த பால் போல எதையோ துப்பிக் காட்டினார். 50 ரூபாய். குழந்தை அசந்து தூங்கினான், எங்களுக்கும் நிம்மதி. சாயங்காலம் மறுபடி வாந்தி வந்ததும் ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனோம். வயிற்றைத் தொட்டுப் பார்த்து "மெத்தென்றுதான் இருக்கிறது, கேஸ்" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். வாந்தி என்ன நிறம் என்று அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தெரியாது.

இரவு 11 மணிக்கு மூன்றாவது தடவை. எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் இருக்கிறார், நாங்கள் நர்ஸம்மா என்போம். அழுகை கேட்டு வந்தவர் குழந்தையைவிட வாளியில் கிடந்த துணியைத்தான் முதலில் பார்த்தார். "இதைத் துவைக்காதே. அப்படியே கவரில் போட்டுக்கொண்டு வேலூர் கிளம்பு. விடியட்டும் என்று உட்காராதே" என்றார்.

வேலூரில் பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் அந்தத் துணியைக் காட்டியதும் எல்லாம் வேகமெடுத்தது. மூக்கு வழியே டியூப், டிரிப்ஸ், வயிற்று ஸ்கேன். அதிகாலை 3 மணிக்கு ஆபரேஷன். வெளியே வந்த டாக்டர் சொன்னது: சிறுகுடல் கிட்டத்தட்ட முழுவதும் இரண்டு சுற்று முறுக்கி நீலம் பாய்ந்திருந்தது. முறுக்கைப் பிரித்து, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் சுற்றி வைத்துக் காத்திருந்தோம், சிவப்பு திரும்பியது, எதையும் வெட்டி எடுக்கவில்லை. "இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம்" என்றார். குழந்தை இப்போது வீட்டில், பால் குடிக்கிறான்.

சரி, என் கேள்விகள். இது ஏன் வந்தது? ஐந்தாம் மாத ஸ்கேனில் ஏன் தெரியவில்லை? அடுத்த குழந்தைக்கும் வருமா? குடல்வாலை நன்றாக இருக்கும்போதே எடுத்துவிட்டார்களாம், எதற்கு? டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் எல்லாம் விளக்கினார். எங்கள் காதில் எதுவும் ஏறவில்லை. கிரகணத்தன்று வாசலில் நின்றாய், அதனால்தான் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். அவள் அழுதுகொண்டிருக்கிறாள். அதற்காகவாவது எனக்குப் பதில் வேண்டும்.


பாலாற்று மணல் | ஞாயிறு, இரவு 10.15

பிழைத்தானே, அது போதும் தம்பி. அந்த நர்ஸம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுங்கள்.


வாலாஜா மூர்த்தி | ஞாயிறு, இரவு 10.40

குழந்தை நலமானதில் சந்தோஷம். ஆனால் தலைப்பு சரியில்லை. என் மூன்று பிள்ளைகளுக்கும் தொக்கம் எடுத்திருக்கிறோம், மூன்றும் கல்லூரி போகின்றன. தப்பாகச் சொன்னது படித்த டாக்டர்தானே? "கேஸ்" என்று அனுப்பியவரை விட்டுவிட்டு 50 ரூபாய் வாங்கிய கிழவியைத் தலைப்பில் ஏற்றுவானேன்?


கத்தியும் ஊசியும் | ஞாயிறு, இரவு 11.30

குழந்தைகள் அறுவைசிகிச்சை மேற்படிப்பில் இருக்கிறேன். தறிக்காரன் அண்ணா, உங்கள் தங்கையிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: இது கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே நடந்து முடிந்த விஷயம்.

கரு ஆறு வாரம் இருக்கும்போது குடல் வேகமாக வளரும், வயிற்றில் இடம் போதாது. அதனால் தொப்புள்கொடிக்குள் இறங்கி அங்கே கொஞ்ச நாள் குடியிருக்கும். பத்தாவது வாரவாக்கில் திரும்ப உள்ளே வரும். இந்தப் போக்குவரத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 270 டிகிரி சுழன்று தன் இடத்தில் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால், குடலுக்கு ரத்தம் கொண்டுவரும் சவ்வு வயிற்றின் இடது மேல்பக்கத்திலிருந்து வலது கீழ்ப்பக்கம் வரை அகலமாகப் பின்சுவரில் ஒட்டிக்கொள்ளும். சிலருக்குச் சுழற்சி பாதியில் நின்றுவிடும். அப்போது சவ்வின் அடி குறுகலாகி, சிறுகுடல் மொத்தமும் ஒரு காம்பில் தொங்கும். இதை மால்ரொட்டேஷன் என்கிறோம். இதோடு சிலருக்கு வலி கூட இல்லாமல் வயதாகிவிடும். சிலருக்கு ஒருநாள் அந்தக் காம்பே முறுக்கிக்கொள்ளும். காம்புக்குள்தான் ரத்தக்குழாய் போகிறது. முறுக்கினால் பாதை அடைபடும், ரத்தமும் நிற்கும். பெரும்பாலும் பிறந்த முதல் மாதத்திலேயே வெளிப்படும்.

கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பப்பாளிக்கும் கிடையாது, அடுத்து அதைத்தான் சொல்வார்கள்.

ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்றால், அன்றைக்கு அடைப்பு எதுவும் இல்லை. குடல் இடம் மாறிக் கிடந்தது, அவ்வளவுதான், அது ஸ்கேனில் பொதுவாகப் பிடிபடாது. முன்சிறுகுடல் (சிறுகுடலின் முதல் பகுதி) பிறவியிலேயே மூடியிருக்கும் குழந்தைகள் கதை வேறு. சிசு விழுங்கும் நீர் இறங்க வழியில்லாமல் பனிக்குட நீர் கூடிவிடும், கடைசி மாதங்களின் ஸ்கேனில் இரண்டு குமிழ் தெரியும். பிறந்தபின் எடுக்கும் எக்ஸ்ரேயிலும் அதே இரட்டைக் குமிழ். அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு டவுன் சின்ட்ரோமும் இருக்கும், அதனால் அந்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்வோம்.

குடல்வால் விஷயம். உங்கள் மருமகனுக்குச் செய்தது லாட் முறை. பாஸ்டனில் வில்லியம் லாட் 1936ல் எழுதி வைத்தது, அடிப்படையில் இன்றும் அதுதான். முறுக்கைப் பிரிப்பார்கள், முன்சிறுகுடலின் மேல் குறுக்கே ஓடும் பட்டைகளை வெட்டுவார்கள், சவ்வின் அடியை விரிப்பார்கள். குடலை எல்லோருக்கும் இருக்கும் இடத்தில் வைக்க மாட்டார்கள். சிறுகுடல் வலது பக்கம், பெருங்குடல் இடது பக்கம். அப்படி வைக்கும்போது குடல்வால் இடது பக்கம் போய்விடும். இருபது வயதில் அவனுக்கு அது வீங்கினால் இடது பக்கம் வலிக்கும், பார்க்கிற டாக்டர் குழம்புவார். அதனால் அப்போதே எடுத்துவிடுவது வழக்கம்.

அடுத்த குழந்தைக்கு வருமா? பெரும்பாலும் தனித்து வருவதுதான், பயப்பட வேண்டாம்.


ஊசிமுனை | திங்கள், காலை 6.20

அடுக்கம்பாறை பக்கம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் 14 வருடம் நர்ஸாக இருந்தேன். தம்பி நன்றாக விளக்கிவிட்டார். நான் நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் கெடுவது அங்கேதான்.

"வாந்தி என்ன கலர்" என்று கேட்டால் பத்துத் தாய்மாரில் பாதிப்பேர் "மஞ்சள்" என்பார்கள். மஞ்சள் என்றால் சிலர் சீம்பாலைச் சொல்கிறார்கள், சிலர் பித்தத்தைச் சொல்கிறார்கள். பச்சை என்றாலும் எந்தப் பச்சை? எங்கள் வார்டில் ஒரு டாக்டரம்மா பச்சைப்பயறு, கறிவேப்பிலை, அரைத்த மருதாணி என்று பேர் சொல்லிக் கேட்பார். சிரிப்பாக இருக்கும், ஆனால் அப்படிக் கேட்டால்தான் சரியான பதில் வரும். பால் வெள்ளையாக, தயிர் மாதிரித் திரிந்து வந்தால் அவசரம் குறைவு. பச்சை எந்த வகையானாலும் அது பித்தநீர். பித்தநீர் முன்சிறுகுடலில்தான் வந்து சேர்கிறது. அதற்குக் கீழே எங்கோ வழி அடைத்தால்தான் மேலே ஏறி வரும். அடைப்பு அதற்கு மேலே இருந்தால் வாந்தி வெள்ளையாகவே இருக்கும். மூன்று வாரத்துக்கு அப்புறம் பீய்ச்சி அடிக்கும் வெள்ளை வாந்தி வேறு கதை, அதையும் காட்ட வேண்டும், ஆனால் நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை.

இன்னொன்று, வயிறு மெத்தென்று இருப்பதை நம்பாதீர்கள். அடைப்பு உயரத்தில் இருப்பதால் வயிறு உப்பாது. கீழ்க்குடலில் ஏற்கெனவே இருப்பது வெளியேறிக்கொண்டிருப்பதால் மலமும் போகும். "ஆய் போனானே" என்று சமாதானம் ஆகிவிடுவார்கள். வயிறு உப்பி, மலத்தில் ரத்தம் வந்து, குழந்தை துவண்டுவிட்டால் அது முறுக்கின் ஆரம்பம் அல்ல, குடல் கருகத் தொடங்கிய நேரம்.

கிளம்பும்போது வழியில் பால் கொடுக்காதீர்கள், சர்க்கரைத் தண்ணீர், ஓமத்தண்ணீர், உரை மருந்து எதுவும் வேண்டாம். மார்போடு அணைத்துச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். துணியைக் கையோடு எடுத்துப் போங்கள். "குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர் இந்நேரம் இருக்கிறாரா" என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். குழந்தை டாக்டர் வேறு, குழந்தை ஆபரேஷன் டாக்டர் வேறு. இல்லாத இடத்தில் இரண்டு மணி நேரம் போய்விடும்.


கத்தியும் ஊசியும் | திங்கள், காலை 7.05

அக்கா சொன்ன கறிவேப்பிலை அளவுகோலை நானும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு திருத்தம் மட்டும். பச்சை வாந்தி எடுக்கும் எல்லாக் குழந்தைக்கும் முறுக்கு இருக்காது. ரத்தத்தில் கிருமி பரவினாலும் வரும், சிலருக்குத் தேடிப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. ஆனால் முறுக்கு இல்லை என்று எக்ஸ்ரேயில் குடல் தெரிவதற்கான டை மருந்தைக் கொடுத்துப் படம் எடுத்தோ ஸ்கேனிலோ உறுதி செய்யும் வரை இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஸ்கேனில் ரத்தக்குழாய்கள் சுழியில் தண்ணீர் சுற்றுவது போலத் தெரியும்.


தறிக்காரன், குடியாத்தம் | திங்கள், மதியம் 1.30

எல்லோருக்கும் நன்றி. கிரகண விஷயத்தைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன். "ஆறாவது வாரமா, அப்போ நான் வாந்திகூட எடுக்கல" என்றாள்.

ஆயாவுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. சவ்வு, காம்பு எதுவும் எடுபடவில்லை. கடைசியில் ஏணையைக் காட்டினேன். சேலையின் இரண்டு தலைப்பையும் அகலமாக விரித்து இரண்டு பக்கம் கட்டினால் ஏணை ஆடும், ஆனால் முறுக்காது. இரண்டு தலைப்பையும் சேர்த்து ஒரே கொக்கியில் முடிச்சுப் போட்டால்? ஒரு தள்ளு தள்ளினால் போதும், சுற்றிச் சுற்றி இறுகிவிடும். "அவன் குடலை ஒரே முடிச்சில் கட்டி அனுப்பியிருக்கு ஆயா" என்றேன். கொஞ்ச நேரம் ஏணையையே பார்த்தார். "அப்போ அந்தம்மா வயித்தை நீவினாளே, அதுல இன்னும் முறுக்கியிருக்குமா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.


கத்தியும் ஊசியும் | திங்கள், மதியம் 2.10

நீவியதால் முறுக்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. முறுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது, மதிய வாந்தி பச்சை. அன்றைக்கு இழந்தது நேரம். தொக்கத்தில் கொஞ்சம், கிளினிக்கில் கொஞ்சம்.

ஏணை உவமையை நான் திருடப் போகிறேன்.


ஆரணிப் பட்டு | திங்கள், மாலை 5.45

பழைய வட ஆற்காடுதான் நாங்களும், இப்போது திருவண்ணாமலை மாவட்டம். எங்கள் கதை இதற்கு நேர் எதிர். பச்சை வாந்தி கிடையாது, அவசரம் கிடையாது, எட்டு மாதம் இழுத்தது.

என் மகன் பிறந்து மூன்றாம் நாள் வரை மலம் போகவில்லை. அம்மா வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைத்தார். காற்றும் மலமுமாகப் பீறிட்டுக்கொண்டு வந்தது, வயிறு வாடியது. எல்லோரும் அம்மாவின் கையைப் புகழ்ந்தார்கள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஐந்து நாளுக்கு ஒருமுறை காம்பு, இல்லையென்றால் சோப்புத் துண்டு. குழந்தை வயிறு மட்டும் பானை மாதிரி, கை கால் குச்சி. எட்டாம் மாதம் காய்ச்சலோடு நாற்றமடிக்கும் பேதி வந்து படுத்துவிட்டான். அப்போதுதான் கண்டுபிடித்தார்கள், ஹிர்ஷ்ஸ்ப்ரங் என்று பெயர். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லை, அந்த இடம் விரியாமல் இறுகியே இருக்கும் என்றார்கள். ஆசனவாய் வழியாகச் சதைத் துணுக்கு எடுத்து உறுதி செய்தார்கள். மலம் வெளியேற வயிற்றில் வழி செய்து பை வைத்து, ஏழு மாதம் கழித்து, நரம்பு இல்லாத குடலை எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைத்தார்கள்.

இப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் எப்போதாவது டிரவுசரில் கசிந்துவிடும், மாற்று உடை பையிலேயே இருக்கும். டீச்சர் நல்லவர். பை வைத்திருந்த அந்த ஏழு மாதம் பற்றித்தான் யாராவது எழுத வேண்டும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்கள் குழந்தையை விட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள்.


கத்தியும் ஊசியும் | திங்கள், இரவு 9.00

ஆரணி அண்ணா, காம்பு வைத்ததும் பீறிட்டதாகச் சொன்னீர்களே, பாடப்புத்தகத்தில் அந்த நோயின் அடையாளமாக எழுதியிருப்பதே அதுதான். நாங்கள் விரலால் சோதிக்கும்போதும் அப்படியே வரும். உங்கள் அம்மா செய்தது நோயைக் காட்டிக்கொடுத்தது, பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை.

நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை 24 மணி நேரத்துக்குள் கருப்பு மலம் போய்விடும். 48 மணி நேரம் தாண்டினால் கட்டாயம் காட்ட வேண்டும். இந்த நோய் சுமார் 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது, ஆண் குழந்தைகளுக்கு அதிகம். டென்மார்க் டாக்டர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் இதை 1886ல் விவரித்தார். வீங்கிக் கிடக்கும் மேல்குடல்தான் நோய் என்று பல காலம் நினைத்தார்கள். உண்மையில் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும் கீழ்க்குடல்தான் நோயாளி. 1948ல் ஸ்வென்சன் அந்தக் கீழ்ப்பகுதியை எடுத்துக் காட்டியபின்தான் வழி பிறந்தது. இது மால்ரொட்டேஷன் போல அல்ல, கூடப்பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அடுத்த குழந்தை பிறக்கும்போது டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காய்ச்சல், வயிற்று உப்பல், நாற்றமடிக்கும் பேதி மூன்றும் சேர்ந்து வந்தால் ஆபரேஷன் முடிந்து வருடங்கள் ஆனாலும் அன்றே காட்டுங்கள்.


ஆம்பூர் மல்லி | செவ்வாய், காலை 10.10

என் மகளுக்கு எட்டாம் மாதத்தில் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டது. காலை மடக்கிக்கொண்டு வீரிட்டு அழுவாள், ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காதது போலப் படுத்திருப்பாள், மறுபடி அழுவாள். மலத்தில் சிவப்பு ஜெல்லி மாதிரி வந்ததும் ஓடினோம். கத்தி வைக்கவில்லை. ஆசனவாய் வழியாக உப்புநீர் செலுத்தி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தள்ளி விடுவித்தார்கள். வயிற்றுப்போக்கு வராமல் தடுக்கத் தரும் ரோட்டா சொட்டு மருந்தால்தான் இது வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். உண்மையா?


ஊசிமுனை | செவ்வாய், காலை 11.00

இது பிறவிக் குறையில் சேராது, ஆனாலும் கேட்டது நல்லது. அந்தப் பேச்சுக்கு ஒரு பழைய வேர் உண்டு. அமெரிக்காவில் ரோட்டாஷீல்டு என்ற மருந்தை இதே காரணத்துக்காக 1999ல் திரும்பப் பெற்றார்கள். நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்த ரோட்டாவாக் வேறு மருந்து. அதன் மூன்றாம் கட்ட ஆய்வு டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் நடந்தது, நம் தெருக் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். திட்டத்தில் சேர்த்த பிறகு நாட்டின் பல மருத்துவமனைகளில் செருகல் நோயைக் கண்காணித்தார்கள், மருந்தோடு தொடர்பு தென்படவில்லை. 6, 10, 14 வாரச் சொட்டுகளை நிறுத்தாதீர்கள்.


மலைக்காற்று | செவ்வாய், மாலை 4.20

ஜவ்வாது மலை. உங்களுக்கெல்லாம் வேலூர் முக்கால் மணி நேரம் இருக்கும். எங்களுக்கு மலை இறங்கவே அதைவிட ஆகும். 108 வரும், ஆனால் எல்லா ஊர் வாசலுக்கும் வராது, ரோடு வரை தூக்கிக்கொண்டு வர வேண்டும். "சில மணி நேரம்" என்று எழுதும்போது அதில் நடையையும் கழித்துக்கொள்ளுங்கள்.


வாலாஜா மூர்த்தி | செவ்வாய், இரவு 8.35

மூன்று நாளாகப் படித்துவிட்டு இன்று எங்கள் ஊர் தொக்கம் அம்மாவிடமே போய்க் கேட்டேன். வயது எழுபதுக்கு மேல். "பச்சையா கக்குற புள்ளைய நான் தொடமாட்டேன், எங்க அத்த காலத்துலயே தொடமாட்டோம், அது தங்காது" என்றார். "தங்காது" என்றால் பிழைக்காது என்று அர்த்தம். அவர்களுக்கு நிறம் தெரிந்திருக்கிறது. ஆபரேஷன் இருப்பதுதான் தெரியவில்லை.

தலைப்பு பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், பாதி மட்டும். கிளினிக்கை விட்டது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.


தறிக்காரன், குடியாத்தம் | செவ்வாய், இரவு 9.15

உறுத்தல் எனக்கும் உண்டு மூர்த்தி அண்ணா. நேற்று அந்தக் கிளினிக்குக்கே போய் டிஸ்சார்ஜ் தாளைக் காட்டினேன், சண்டைக்குப் போகவில்லை. முழுவதும் படித்தார். "நான் கேட்டிருக்கணும்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எங்களுக்குச் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டில் நடந்தது, அட்டை கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

கடைசியாக ஒரு கேள்வி. இவன் குடல் இடம் மாறி இருப்பதும், குடல்வால் இல்லாததும் பெரியவன் ஆனபிறகு எந்த டாக்டருக்கும் தெரியாதே?


கத்தியும் ஊசியும் | செவ்வாய், இரவு 9.40

அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள். நகல் எடுத்து ரேஷன் அட்டையோடு வையுங்கள். பின்னாளில் வயிற்று வலியோடு பச்சை வாந்தி வந்தால், எத்தனை வயதானாலும் அதை முதலில் காட்டச் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்த வயிற்றில் ஒட்டுதல் ஏற்பட்டு அடைப்பு வரலாம். அரிதாகத் திரும்ப முறுக்கவும் செய்யலாம்.


தறிக்காரன், குடியாத்தம் | புதன், காலை 8.00

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் லேமினேட் செய்துவிட்டேன், 30 ரூபாய். இன்னொரு நகலை நர்ஸம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்.